பயணப் புகைப்படத்தில் மரபும் நவீனமும் – ஒரு விமர்சன நோக்கு

புகைப்படக்கலையும் நவீன உல்லாசப் பயணமும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்தவை. 1839இல் டகேயின் படமுறை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1841இல் இங்கிலாந்தில் தோமஸ் குக் தமது முதலாவது கூட்டுப் புகைவண்டிப் பயணத்தை ஒழுங்கு செய்தார். இரண்டும் கைத்தொழிற் புரட்சியின் பிள்ளைகளே. ஒன்று தொலைவிலுள்ளதைக் கண்முன் கொணர்ந்தது; மற்றது கண்ணைத் தொலைவுக்கு இட்டுச் சென்றது. பயணப் புகைப்படம் என்னுந் துறை இவ்விரண்டின் கூட்டிலே உருவாகி வளர்ந்ததாகும்.

இத்துறையில் இன்று பெருவழக்காயுள்ள பொருள்மரபு ஒன்றுண்டு. 'பழைமையும் புதுமையும் அருகருகே' என அதனைச் சுருக்கிக் கூறலாம். காவியுடை தரித்த துறவி கைத்தொலைபேசியில் உரையாடுகிறார். கண்ணாடிக் கோபுரத்தின் முன்னே மாட்டுவண்டி செல்கிறது. தலைப்பாகை கட்டிய முதியவர் குளிர்பான விளம்பரத்தின் நிழலில் உறங்குகிறார். இத்தகைய படங்களைப் பாராட்டுவோர் அவற்றுக்கு இரு தகுதிகளைக் கூறுவர். அவை பாவனையின்றி, படம் எடுக்கப்படுவதை எதிரிலிருப்பவர் அறியாத வேளையில், இயல்பாக எடுக்கப்பட்டவை என்பது ஒன்று. மாறிவரும் சமுதாயமொன்றின் உண்மை நிலையை அவை காட்டுகின்றன என்பது மற்றொன்று. இவ்விரு தகுதிகளும் எவ்வளவு தூரம் மெய்யானவை என்பது ஆராயப்படவேண்டிய வினாவாகும். தென்கரையிலே கடலில் நாட்டிய கம்புகளின் மேல் அமர்ந்து மீன்பிடிப்போரும், மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண்களும் உலகெங்கும் இலங்கையின் முகமாக அறியப்பட்டுள்ளனர். இவ்விரு காட்சிகளும் அவ்வாராய்ச்சிக்குத் தக்க உரைகற்களாக அமைகின்றன.

முதலில் 'இயல்பு' என்பதை நோக்கலாம். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறிய கமரா, படமெடுப்பவனைப் பெரும் பெட்டியிலிருந்தும் முக்காலியிலிருந்தும் விடுவித்தது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1930களின் தொடக்கத்தில் அதனைக் கையேற்றார். பளபளக்கும் அதன் பகுதிகளைக் கறுப்பு நாடாவினால் மூடிக்கொண்டு தெருக்களில் உலாவினார். 1952இல் வெளிவந்த அவரது நூலின் பிரெஞ்சுப் பெயர், மறைவாகவும் விரைவாகவும் பற்றிக்கொண்ட படங்கள் என்னும் பொருளைத் தருவது. ஆங்கிலப் பதிப்போ 'தீர்க்கமான கணம்' என்னும் பொருளில் வேறொரு பெயரைச் சூடிக்கொண்டது. உலகம் ஏற்றுக்கொண்டது இரண்டாவது பெயரையே. முதற்பெயரில் ஒரு திருட்டின் சாயல் உண்டு. இரண்டாவதில் ஒரு தத்துவத்தின் கம்பீரம் உண்டு. இயல்புநிலைப் புகைப்படத்தின் உள்முரண்பாடு இவ்விரு பெயர்களுக்கும் இடையிலேயே தங்கியுள்ளது எனலாம்.

எதிரிலிருப்பவர் தாம் நோக்கப்படுவதை அறியாதிருத்தல் அவரது உடலின் இயல்பைக் காப்பாற்றும் என்பது உண்மையே. முகம் இறுகாது, கை செயற்கையாக நீளாது. ஆயினும் உடலின் இயல்பு வேறு, வாழ்வின் இயல்பு வேறு. எங்கே நிற்பது, எதைச் சட்டகத்துக்குள் அடக்குவது, எதை வெளியே தள்ளுவது என்பனவற்றைத் தீர்மானிப்பவர் படமெடுப்பவரே. அத்தீர்மானங்களில் எதிரிலிருப்பவருக்கு எவ்விதப் பங்குமில்லை. அவர் அறியாதிருக்கிறார் என்பதனாலேயே மறுப்புரைக்கும் வாய்ப்பையும் இழக்கிறார். ஆகவே, 'அறியாமல் எடுக்கப்பட்டது. ஆதலின் உண்மையானது' என்னும் அனுமானம் செல்லுபடியாகாது.

இனி, கம்பு மீன்பிடியைக் கருதலாம். அமெரிக்கரான ஸ்டீவ் மக்கரி 1995இல் வெலிகமவில் எடுத்த படம் இத்துறையில் மிகப் புகழ்பெற்றது. கடலும் வானும், நடப்பட்ட கம்புகளும், அவற்றின்மேற் குந்தியிருக்கும் மனிதருமே அதில் உள்ளனர். ஒளியும் வண்ணமும் அமைப்பும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் அழகை மறுத்தற்கில்லை. காண்போர் மனத்தில் அது எழுப்பும் உணர்வு காலங்கடந்த தன்மையாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் இம்மனிதர் இவ்வாறே அமர்ந்திருந்திருப்பர் என எண்ணத் தோன்றும்.

வரலாறு கூறுவது வேறாகும். சிங்களத்தில் 'ரிட்டிபன்ன' எனப்படும் இத்தொழில் இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலே தோன்றியதாகவே பொதுவாகக் கூறப்படுகிறது. உணவுத் தட்டுப்பாடு மிகுந்த அக்காலத்திற் கரையோரப் பாறைகளிலே தூண்டிலிடுவோர் தொகை பெருகிற்று. இடம் போதாதவர் முதலில் ஆழங்குறைந்த கடலிற் கிடந்த கப்பல், விமானச் சிதைவுகளின் மேலிருந்தும், பின்னர் முருகைக்கற் பாறைகளிடையே கம்புகளை நாட்டி அவற்றின் மேலிருந்தும் மீன்பிடிக்கத் தலைப்பட்டனர். படகு வாங்க வசதியற்றோர் யுத்த நெருக்கடியிலே கண்டுபிடித்த உபாயமே உலகின் கண்ணுக்குத் தொன்மை மரபாகக் காட்சியளிக்கிறது.

இக்கரையின் ஏனைய வரலாற்றையும் இதனோடு சேர்த்து நோக்குதல் பொருத்தமாகும். கொழும்பிலிருந்து வரும் கரையோரப் புகையிரதப் பாதை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே காலியையுங் கடந்து மாத்தறையை அடைந்துவிட்டது. யுத்த காலத்திற் கொக்கல வாவி பிரித்தானிய விமானப்படையின் நீர்விமானத் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி, தீவை நெருங்கிக்கொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டறிந்து செய்தி அனுப்பிய விமானம் அங்கிருந்தே புறப்பட்டது. 'நவீனம்' எனப்படும் புகையிரதம், 'மரபு' எனப்படும் கம்பு மீன்பிடியிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூத்ததென்பது இதனாற் பெறப்படும். பழைமையின் அருகே புதுமை வந்து நின்றதாக இங்கு எவ்வாறு கூறலாம்? புதுமை உண்டாக்கிய நெருக்கடியே பின்னர் பழைமையென்று பெயர் பெற்றது.

இதே கொக்கலவைச் சேர்ந்தவரே மார்ட்டின் விக்கிரமசிங்க. தமிழிற் 'கிராமப் பிறழ்வு' எனப் பெயர்பெற்ற அவரது 'கம்பெரலிய' நாவல் 1944இல் வெளிவந்தது. நிலவுடைமைக் குடும்பமொன்றின் வீழ்ச்சியையும் வணிக வர்க்கத்தின் எழுச்சியையும் ஒரே இயக்கமாக அந்நாவல் காட்டியது. பழைய வீடும் புதிய பணமும் அதில் அருகருகே வைக்கப்பட்ட இரு பொருள்களல்ல. ஒன்றின் தேய்வே மற்றதன் வளர்ச்சி. யதார்த்த இலக்கியம் ஒரு கரையின் வாழ்வில் எதனைக் கண்டதோ, அதனை அதே கரைக்கு வந்த கமரா காணத் தவறியது. நாவல் காலத்தை நீட்டிக் காட்டவல்லது, புகைப்படம் ஒரு கணத்தை மட்டுமே பற்றவல்லது என்று இதற்கு விடை கூறப்படலாம். ஆயினும் ஒரு கணத்திலும் வரலாற்றின் தடயங்கள் உண்டு. அக்கம்புகளுக்கு மிக அண்மையிலேயே கரையோர நெடுஞ்சாலையும் அதில் ஓடும் பஸ் வண்டிகளும் உள்ளன. கமரா அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போதே காலங்கடந்த தன்மை உண்டாகிறது.

2004 டிசெம்பர் 26ஆந் திகதிய கடல்கோள் இக்கரையைச் சிதைத்தது. அதன் பின்னர் கம்பு மீன்பிடி சீவனோபாயம் என்ற நிலையிற் பெரிதும் நலிவுற்றது. இன்று கொக்கல, அஹங்கம, வெலிகமப் பகுதிகளிற் கம்பின்மேல் இருப்போரிற் பலர் உல்லாசப் பயணிகளின் கமராவுக்காகவே இருக்கின்றனர். கரையில் நிற்பவர் படமெடுப்போரிடம் பணம் பெறுகிறார். மீனைவிடப் படமே வருவாய் தருவதாயிற்று. பயணக் குறிப்புகளை எழுதுவோர் இதனை ஏமாற்று என்றும், மரபின் சீரழிவு என்றும் குறைபட்டுக் கொள்வதுண்டு. இக்குறைபாடு பொருளற்றது. கம்பின்மேல் இருப்பவர் யுத்த காலத்திற் செய்ததையே இன்றும் செய்கிறார்; கிடைத்த சூழலில் வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடுகிறார். முன்பு கடல் தந்தது; இப்போது கமரா தருகிறது. அவருக்கு இது தொழில். பார்க்க வந்தவருக்கே அது மரபாக இருத்தல் வேண்டுமென்ற பிடிவாதம் உண்டு.

மலையகத்துக் காட்சி இதனினும் பாரதூரமானது. பச்சைக் கம்பளம் போன்ற தேயிலைச் சரிவு, வண்ணச் சேலை, முதுகிற் கூடை, விரல்களிடையே இரண்டிலையும் ஒரு மொட்டும், முகத்திற் புன்னகை – இவை கூடிய படத்தைக் காணாதவர் இலர். தேயிலைப் பெட்டிகளிலும் உல்லாசப் பயணத்துறைப் பிரசுரங்களிலும் அது 'மரபு வழிவந்த கைப்பணி' எனும் பொருள்பட அச்சிடப்படுகிறது. ஆயின் கொழுந்து பறிக்கும் பெண் எந்த மரபின் வாரிசு? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை நாட்டினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தபின் தேயிலை மலைநாட்டை மூடிற்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் பிரட்டுக்களத்தின் மணியோசைக்கும், கங்காணியின் கட்டளைக்கும், தொழிற்சாலையின் சங்கொலிக்கும் ஏற்ப வாழ்வை வகுத்துக்கொள்ளும்படி ஆக்கப்பட்டனர். அந்நிய மூலதனம், கூலியுழைப்பு, உலகச் சந்தை என்னும் மூன்றும் இத்தீவில் முழுமையாக ஒன்றுகூடிய இடம் தோட்டமே. அவ்வாறாயின் கொழுந்து பறிப்பவள் இந்நாட்டு நவீனத் தொழிலாளி வர்க்கத்தின் முன்னணியில் நிற்பவளாவாள். அவளைப் பழைமையின் சின்னமாகக் காட்டுவது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

இத்தலைகீழ் நிலை வெறும் கருத்துப் பிழையன்று. அதற்கு விலை உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு வழிசெய்த சட்டம் 2003இலேயே நிறைவேறியது. உரிமை மறுக்கப்பட்டிருந்த அந்நீண்ட காலத்திலும் அப்பெண்ணின் படம் நாட்டின் அடையாளமாக ஏற்றுமதியாகிக் கொண்டேயிருந்தது. நாட்டின் படத்தில் இடம்பெற்றவளுக்கு நாட்டின் வாக்காளர் இடாப்பில் இடமில்லை. ஒருவரை இயற்கையின் பகுதியாக, மலையோடும் மூடுபனியோடும் சேர்ந்த அழகாகக் கண்டு பழகிய கண்ணுக்கு, அவர் கூலி கேட்பதும் உரிமை கேட்பதும் காட்சியைக் குலைப்பனவாகவே தோன்றும்.

அப்பெண்ணின் நாளில் இயல்பான கணங்கள் பலவுண்டு. பறித்த கொழுந்து தராசில் நிறுக்கப்படும்போது அவள் கண் முள்ளை நோக்கும். கணக்கப்பிள்ளையின் பதிவில் முழுப்பேர் விழுமா, அரைப்பேர் விழுமா என்பது அம்முள்ளிலேயே தங்கியுள்ளது. கூடையின் இடத்தைப் பல தோட்டங்களிற் சாக்கு பிடித்துக்கொண்டது. இடுப்பிலே படங்கு கட்டப்பட்டுள்ளது. இவையும் படமாக எடுக்கப்படக் கூடியனவே. இவற்றில் எப்பாவனையும் இல்லை. எனினும் விளம்பரப் படத்தில் தராசு அரிதாகவே தோன்றுகிறது. தராசு தோன்றின் அது உழைப்பின் படமாகிவிடும். உழைப்பின் படத்தை உல்லாசமாக விற்பது கடினம்.

வேறு வகையிற் காண்பதற்கும் முன்னுதாரணங்கள் உள. 1934இல் பசில் ரைட் நெறிப்படுத்திய 'இலங்கையின் பாடல்' என்னும் ஆவணத் திரைப்படம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காகத் தயாரிக்கப்பட்டது. கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். 'வணிகத்தின் குரல்கள்' எனும் அதன் மூன்றாம் பகுதியிலே கண்முன் விரிவன பழைய முறைத் தொழிற் காட்சிகள். காதில் விழுவனவோ சந்தை விலைகளும், வணிகக் கடித வாசகங்களும், கப்பற் செய்திகளும். பழைமையும் புதுமையும் இங்கே அருகருகே நிற்கவில்லை. ஒன்றின் உடலிலே மற்றதன் குரல் ஊடுருவி நிற்கிறது. மரமேறுபவன் கைகளை இயக்குவது தொலைதூரத்து விலைப்பட்டியலே என்பதைக் காண்பவன் உணர்கிறான். தேயிலையை விற்க எடுக்கப்பட்ட படம் விற்பனையின் பொறிமுறையையே வெளிப்படுத்திவிட்டது. ஆயினும் அக்குரல்களுள் உழைப்பவரின் குரல் ஒலிக்கவில்லை. தயாரித்தவரின் வர்க்க நலன் வகுத்த எல்லை அது.

அசையாப் படத்தில் ஒலிக்கு இடமில்லை. எனினும் அதே உண்மையைச் சட்டகத்தின் அமைப்பினாலேயே உணர்த்த முடியும் என்பதற்கு இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் (1942–1999) சான்றாவார். 1966இல் ஜெய்ப்பூரில் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பணியாற்றுவதை நேரிற் கண்டவர் இவர். அவரது விரைவையும் கூர்மையையும் ஏற்றுக்கொண்டு, அவரது கறுப்பு வெள்ளையை விடுத்து வண்ணத்தைத் தேர்ந்தார். அவர் மறைந்தபின் வெளிவந்த நூலொன்று அம்பாசிடர் மோட்டார் வண்டியை மையமாகக் கொண்டது. வண்டியின் கதவு, யன்னல், கண்ணாடி ஆகியவற்றினூடாக இந்தியா காட்சியளிக்கிறது. இதன் சிறப்பு யாதெனில், பார்க்கும் கண் எங்கே நிற்கிறது என்பது படத்திலேயே வெளிப்படுகின்றமையாகும். பயணி ஒரு வாகனத்திலே வந்தவன் என்பது மறைக்கப்படவில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. பிரித்தானிய மொரிஸ் வண்டியின் வார்ப்பிற் பிறந்து, 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசிடர், ஒரு காலத்தில் நவீனத்தின் சின்னமாயிருந்து, காலப்போக்கிற் பழைமையின் சின்னமாயிற்று. மரபு, நவீனம் என்பன பொருள்களில் ஒட்டப்பட்ட நிலையான பெயர்ச்சீட்டுகள் அல்ல என்பதற்கு அவ்வண்டியே போதிய சான்றாகும். 1991இல் ஹௌராவில் அவர் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடைப் படத்தில், விற்பனைக்கு வைத்த கண்ணாடிகளிலே தெரு துண்டு துண்டாகப் பிரதிபலிக்கிறது. எத்துண்டு பழையது, எத்துண்டு புதியது என்று பிரிக்க இயலாதவாறு அனைத்தும் ஒரே பகற்பொழுதில் இயங்குகின்றன.

இங்கே ஒரு தடையை எதிர்நோக்க வேண்டியுள்ளது. அவ்வாறாயின் ஒவ்வொரு படத்திலும் மின்கம்பமும் பஸ் வண்டியும் தராசும் இடம்பெற வேண்டுமா? அழகு குற்றமா? இவ்வாறு கேட்போர் உளர். மின்கம்பத்தைச் சேர்த்துவிட்டால் யதார்த்தம் கைகூடிவிடும் என்பது யாந்திரிகமான எண்ணமே. 'துறவியும் கைத்தொலைபேசியும்' என்னும் படத்தில் இரண்டுமே உள்ளன. ஆயினும் உண்மை இல்லை. துறவிக்குத் தொலைபேசி வியப்பன்று. அது செய்தி சொல்லும் கருவி. வியப்பு பார்ப்பவருடையது. துறவி இன்னொரு நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று முன்கூட்டியே தீர்மானித்தவருக்கே அக்காட்சி முரணாகத் தோன்றும். ஆகவே வினா, பொருள்கள் சட்டகத்துள் உளவா என்பதன்று. அவற்றிடையேயுள்ள உறவு வெளிப்படுகிறதா என்பதே. உறவைக் காட்டும் படம் அழகாக இருப்பதற்கு எத்தடையுமில்லை. ரகுபீர் சிங்கின் வண்ணங்களே இதற்குச் சான்று.

உறவை விடுத்துத் தூய்மையைத் தேடும் பார்வை ஈற்றில் எங்கே சென்றடையும் என்பதையும் அண்மை வரலாறு காட்டியுள்ளது. 1982 பெப்ரவரியில் 'நஷனல் ஜியோகிராபிக்' சஞ்சிகையின் அட்டைக்கு ஏற்றவாறு எகிப்தியப் பிரமிட்டுகள் கணினியின் உதவியுடன் நெருக்கமாக நகர்த்தப்பட்டன. 2016இல் மக்கரியின் சில படங்களில் மனிதரும் பொருள்களும் அழிக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. தாம் செய்தியாளர் அல்லர், காட்சிவழிக் கதைசொல்பவர் என்னும் கருத்துப்பட அவர் விளக்கமளித்தார். பலர் இவற்றைத் தொழில்நுட்ப மோசடிகளாக மட்டுமே கண்டித்தனர். அது போதாது. இடையூறான மனிதனைக் கணினியில் அழிப்பதற்கும், அவன் தெரியாதவாறு கமராவைத் திருப்புவதற்கும் இடையில் அளவு வேறுபாடு உண்டு; நோக்க வேறுபாடு மிகக் குறைவு. முன்னையது விதிமீறல் எனக் கண்டிக்கப்படுகிறது; பின்னையது அழகுணர்ச்சி எனப் பரிசு பெறுகிறது.

இவ்வழகுணர்ச்சிக்கு நீண்ட பரம்பரையுண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் படப்பிடிப்பு நிலையங்கள் இத்தீவின் மக்களைப் பெயரற்ற 'மாதிரிகளாக' நிறுத்திப் படமெடுத்து விற்றன. அங்கே திரைச்சீலையும் பாவனையும் வெளிப்படையாகத் தெரிந்தன. இயல்புநிலைப் புகைப்படம் அத்திரைச்சீலையை அகற்றியது. ஆனால் மாதிரியை அகற்றவில்லை. மீனவர், கொழுந்து பறிப்பவள், துறவி என வகைப்பெயர்களே இன்றும் படங்களின் கீழ் நிற்கின்றன. பாவனை செய்யுமாறு எவரும் பணிக்கப்படாத போதும், பார்வை ஏற்கெனவே அவர்களுக்கு ஒரு பாத்திரத்தை வழங்கிவிடுகிறது.

இன்று கமரா உல்லாசப் பயணியின் தனியுடைமையன்று. பல்கலைக்கழக மாணவர் கைகளிலெல்லாம் அது தொலைபேசியோடு சேர்ந்தே வந்துள்ளது. தென்கரைக்கும் மலையகத்துக்கும் செல்லும் உள்ளூர் இளைஞரும் மிகப் பெரும்பாலும் அதே கம்புகளையும் அதே கூடையையும் அதே கோணத்திற் பதிந்து திரும்புகின்றனர். பிறர் பார்வை தம் பார்வையாகி விட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மாறாக, கொக்கலக் கரையில் இன்று எடுக்கக்கூடிய நேர்மையான படம் ஒன்றுண்டு. கம்பின்மேல் இருப்பவர், கரையிற் பணம் வாங்குபவர், கமராவை நீட்டி நிற்கும் பயணி, பின்னே நெடுஞ்சாலை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த படம் அது. அதில் எவரும் பழைமையாகவோ புதுமையாகவோ இரார். ஒரே கொடுக்கல் வாங்கலிற் பிணைந்த சமகாலத்தவராகவே இருப்பர். அதனை எடுப்பதற்குச் சிறந்த கமராவோ அரிய ஒளியோ தேவையில்லை. வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து இருபது அடி பின்னே வந்தாற் போதுமானது.